இருநூறு காற்றாலைகளும் ஒரே காத்திருப்பும்: சி மொழியில் நிகழ்வுவழிச் சாக்கெட் நிரலாக்கம்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்துவிட்டால், பணகுடியிலிருந்து ராதாபுரம் வரையுள்ள பொட்டல் வெளியெங்கும் காற்றாலைகள் இரவுபகலாகச் சுழலும். அந்தச் சில மாதங்களில்தான் ஆண்டின் பெரும்பகுதி மின்சாரம் கிடைக்கிறது என்பதால், ஒவ்வொரு காற்றாலையின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதி வைக்கும் பதிவுக் கோப்பை, அதாவது காற்றின் வேகம், உற்பத்தியான கிலோவாட், கியர்பாக்ஸின் வெப்பநிலை ஆகியவற்றின் சராசரியை, விடாமல் சேகரிக்க வேண்டியிருக்கிறது. பாளையங்கோட்டையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு இருநூறு காற்றாலைகளின் கோப்புகளை இறக்கும் நிரலைச் சி மொழியில் எழுதும் பொறுப்பு சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வந்தது.

முதலில் எழுதிய நிரல் மிக எளிமையானது. ஒரு காற்றாலையுடன் இணைப்பது, கோப்பைக் கேட்பது, வந்ததைச் சேமிப்பது, இணைப்பை மூடிவிட்டு அடுத்த காற்றாலைக்குப் போவது என்று வரிசையாகச் செய்தது. சித்திரை மாதம் முழுவதும் அது பிழையின்றி ஓடியது. ஆடிக் காற்றில் கம்பிகளும் ஆன்டெனாக்களும் ஆடத் தொடங்கிய பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால், முந்தைய இரவு பதினொரு மணிக்குப் பிறகு ஒரு கோப்பும் வந்திருக்கவில்லை. பழவூர்ப் பக்கத்துக் காற்றாலை ஒன்று பாதிக் கோப்பை அனுப்பிக்கொண்டிருக்கும்போது அதன் தொடர்பு அறுந்திருக்கிறது. என் நிரலோ, வந்த பைட்டுகளைப் படிக்கும் ‘ரெசீவ்’ அழைப்பிலேயே எட்டு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தது. எதிர்முனை விடைபெறாமலே மறைந்துவிட்டால், நாம் கால வரம்பு எதையும் வைக்காதபோது, டிசிபி (பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் இணைய நெறிமுறை) இணைப்பில் படிக்கக் காத்திருக்கும் நிரல் எவ்வளவு நேரமானாலும் காத்துக்கொண்டேதான் இருக்கும். அது பிழையன்று, அதன் இயல்பே அதுதான். ஒரே ஒரு காற்றாலைக்காக மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் காக்க வைக்கப்பட்டதுதான் பிழை.

கன்னடியன் கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ தண்ணீர் விடும் நாட்களில் பல வயல்களுக்குப் பாய்ச்சும் ஒருவர், ஒரு மடையருகே உட்கார்ந்து அந்த வயல் நிறையும்வரை வேறெங்கும் பார்க்காமல் இருக்க மாட்டார். எந்த வயல் நிறைந்தது, எந்த வாய்க்கால் உடைத்துக்கொண்டது என்று தகவல் வரும் ஓரிடத்தில் நின்று, அழைப்பு வந்த மடைக்கு மட்டும் சென்று வேலையை முடித்துவிட்டு அங்கேயே திரும்புவார். நிகழ்வுவழி நிரலாக்கம் என்பது இவ்வளவுதான்: நிரல் முழுவதிலும் காத்திருக்கும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், வேறு எந்த வரியும் காத்திருக்கக் கூடாது. இனி எழுதப்போகும் நுணுக்கங்கள் எல்லாம் இந்த ஒரு விதியைக் காப்பாற்றுவதற்காகவே. இங்கே சொல்வது லினக்ஸுக்குப் பொருந்தும்.

காற்றாலைக்கு ஒரு இழை (ஒரே நிரலுக்குள் தனியே ஓடும் வேலைத் தொடர்) என்று இருநூறு இழைகளை ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். இருநூறு என்ற அளவில் அது இயலாத காரியமும் அன்று. இன்றைய லினக்ஸ் அதைச் சிரமமின்றித் தாங்கும். ஆனால் சிக்கிக்கொண்ட இழையை வெளியிலிருந்து பாதுகாப்பாக நிறுத்துவது சி மொழியில் கடினம். பொதுத் தரவுகளுக்குப் பூட்டுகள் வேண்டும். எந்தப் பரிமாற்றம் எந்த நிலையில் நிற்கிறது என்பதை ஓரிடத்தில் பார்க்கவும் முடியாது. எனக்கு இந்தக் கடைசிக் காரணமே பெரிதாகத் தோன்றியது.

காத்திருக்காத சாக்கெட்

முதல் வேலை, ஒவ்வொரு சாக்கெட்டையும், அதாவது வலையமைப்பு இணைப்பின் நம் பக்க முனையை, காத்திருக்காத நிலைக்கு மாற்றுவது. சாக்கெட்டை உருவாக்கும்போதே வகையோடு ‘சாக்_நான்பிளாக்’ என்ற கொடியைச் சேர்க்கலாம். அல்லது ‘எஃப்சிஎன்டிஎல்’ மூலம் இருக்கும் கொடிகளை முதலில் படித்து, அவற்றோடு ‘ஓ_நான்பிளாக்’ என்பதைச் சேர்த்துத் திரும்ப எழுதலாம். படிக்காமல் நேரடியாக எழுதினால் முன்பு அமைந்திருந்த கொடிகள் அழிந்துவிடும்.

இதன் பிறகு ‘ரெசீவ்’ அழைப்பு ஐந்து விதமாகத் திரும்பும், ஐந்தையும் தனித்தனியே கையாள வேண்டும். நேர்ம எண் வந்தால் அத்தனை பைட்டுகள் கிடைத்திருக்கின்றன. சுழியம் வந்தால் எதிர்முனை அனுப்புவதை முறையாக முடித்துக்கொண்டது. கழித்தல் ஒன்று வந்து பிழை எண் ‘ஈஅகெய்ன்’ என்றிருந்தால் இப்போதைக்கு ஒன்றும் இல்லை, நிகழ்வு வரும்போது மறுபடி வா என்று பொருள். இது பிழையே அன்று. ‘ஈஇன்டர்’ என்றிருந்தால் சிக்னல் ஒன்று குறுக்கிட்டிருக்கிறது, உடனே மறுபடி அழைக்கலாம். மற்ற எண்கள் எல்லாம் உண்மையான பிழைகள். புதிதாக எழுதுபவர்கள் சுழியத்தையும் ஈஅகெய்னையும் ஒன்றாகக் கருதிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால், ஒன்று முடிந்த இணைப்பை நிரல் முடிவின்றிப் பார்த்துக்கொண்டிருக்கும், அல்லது உயிரோடு இருக்கும் இணைப்பை மூடிவிடும்.

‘கனெக்ட்’ அழைப்பும் இப்போது உடனே திரும்பிவிடும். ‘ஈஇன்புராக்ரஸ்’ என்ற எண் வந்தால் இணைப்பு முயற்சி பின்னணியில் நடக்கிறது. அந்தச் சாக்கெட் எழுதத் தயாராகும் நிகழ்வுக்காகக் காத்திருந்து, அது வந்ததும் ‘கெட்சாக்ஆப்ட்’ மூலம் ‘எஸ்ஓ_எரர்’ மதிப்பைப் படிக்க வேண்டும். அது சுழியமாக இருந்தால்தான் இணைப்பு ஏற்பட்டது. எழுதத் தயார் என்ற நிகழ்வை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் இணைப்பு மறுக்கப்பட்டபோதும் அதே நிகழ்வு வரும்.

அனுப்புவதிலும் ஒரு கவனம் வேண்டும். ‘செண்ட்’ நாம் கொடுத்த பைட்டுகளில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றுக்கொண்டு திரும்பலாம். மீதியை எங்கிருந்து தொடர வேண்டும் என்பதை நாமே நினைவில் வைக்க வேண்டும். எதிர்முனை மூடிய சாக்கெட்டில் எழுதினால் ‘சிக்பைப்’ சிக்னல் வந்து நிரலையே கொன்றுவிடும் என்பதால், செண்ட் அழைப்பில் ‘எம்எஸ்ஜி_நோசிக்னல்’ கொடியைக் கொடுக்க வேண்டும், அல்லது தொடக்கத்திலேயே அந்தச் சிக்னலைப் புறக்கணிக்கச் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு குறிப்பேடு

வரிசையாக ஓடும் நிரலில், எதுவரை வேலை நடந்தது என்பதை நிரல் நின்ற வரியே சொல்லிவிடும். நிகழ்வுவழி நிரலில் அந்த வசதி இல்லை. ஒரு காற்றாலையின் வேலையை ஐம்பது துண்டுகளாகச் செய்கிறோம், இரண்டு துண்டுகளுக்கு நடுவே நூறு வேறு காற்றாலைகளின் துண்டுகள் வந்து போகின்றன. ஆகவே நினைவில் இருக்க வேண்டிய அனைத்தும் அந்தந்தப் பரிமாற்றத்துக்கென்று ஒதுக்கிய ஒரு ‘ஸ்ட்ரக்ட்’ அமைப்பில் இருக்க வேண்டும். சாக்கெட்டின் அடையாளமாக லினக்ஸ் தரும் டிஸ்கிரிப்டர் எண், தற்போதைய நிலை, அனுப்ப வேண்டிய வேண்டுகோளும் அதில் அனுப்பி முடித்த அளவும், படித்தவற்றைச் சேர்க்கும் பஃபர், எதிர்பார்க்கும் மொத்த அளவு, இதுவரை வந்த அளவு, கெடு நேரம், எத்தனையாவது முயற்சி என்பவை என் அமைப்பில் இருந்தன. பொது மாறிகளிலோ செயல்கூற்றுக்குள் எழுதிய ‘ஸ்டாட்டிக்’ மாறிகளிலோ பரிமாற்றத்தைச் சார்ந்த எதையும் வைத்தால், ஒரு காற்றாலையின் பைட்டுகள் இன்னொன்றின் கோப்பில் போய் விழும். அத்தகைய பிழை ஒன்றைத் தேடி நான் இரண்டு நாள் செலவிட்டிருக்கிறேன்.

நிலை என்பது இணைந்துகொண்டிருக்கிறது, வேண்டுகோளை அனுப்புகிறது, தலைப்பகுதியைப் படிக்கிறது, உடற்பகுதியைப் படிக்கிறது, முடிந்தது, தோற்றது என்று எண்ணிடப்பட்ட ஒரு பட்டியல். நிகழ்வு வந்ததும் நிலையைப் பார்த்து அதற்குரிய செயல்கூற்றை அழைக்க வேண்டும். அது தன்னால் முடிந்தவரை வேலை செய்து, ஈஅகெய்ன் வந்ததும் நிலையைக் குறித்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

டிசிபி என்பது செய்திகளின் வரிசை அன்று, பைட்டுகளின் ஓட்டம் என்பது இங்கேதான் உறைக்கும். கோப்பைக் கேட்டுப் பெறும் எச்டிடிபி நெறிமுறையில், தலைப்பகுதியின் முடிவைக் காட்டும் நான்கு பைட்டுகளில் மூன்று ஒரு படிப்பிலும், நான்காவது அடுத்த படிப்பிலும் வரலாம். அல்லது தலைப்பகுதி முழுவதும் உடற்பகுதியின் தொடக்கமும் ஒரே படிப்பில் வந்துவிடலாம். எனவே புதிதாக வந்த துண்டில் மட்டும் தேடாமல், பழைய துண்டின் கடைசி மூன்று பைட்டுகளிலிருந்து தேட வேண்டும். முடிவைக் கண்டுபிடித்த பின் எஞ்சியவற்றை உடற்பகுதியின் கணக்கில் சேர்க்க வேண்டும். மேசையில் இரண்டு கணினிகளை இணைத்துச் சோதிக்கும்போது இந்தப் பிழை வெளிப்படாது. ராதாபுரத்துக் கைப்பேசிக் கோபுரம் வழியே வரும் இணைப்பில்தான் வெளிப்படும்.

காத்திருக்கும் ஒரே இடம்

பல சாக்கெட்டுகளுக்காக ஒரே இடத்தில் காத்திருக்க உதவும் ‘செலக்ட்’ அழைப்பு, 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையுடன் வந்தது. இன்றும் அது வேலை செய்கிறது என்றாலும், லினக்ஸில் வழக்கமான நூலகத்துடன் அதன் எல்லை 1024 டிஸ்கிரிப்டர்கள். இது எத்தனை சாக்கெட்டுகள் என்ற எண்ணிக்கையைப் பற்றியதன்று, டிஸ்கிரிப்டர் எண்ணின் மதிப்பைப் பற்றியது. 1024 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணுடைய ஒரே ஒரு சாக்கெட்டைச் சேர்த்தாலும் அது நினைவகத்தில் தனக்குரியதல்லாத இடத்தில் எழுதிவிடும். ‘போல்’ அழைப்புக்கு அந்த எல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குக் கொடுத்து, திரும்பியதும் முழுவதையும் தேட வேண்டும். ஒரே சேவையகம் பத்தாயிரம் பேரை எப்படித் தாங்குவது என்ற கேள்வியை டான் கெகல் 1999-இல் விரிவாக எழுதிய பின் இதற்கான தேடல் சூடுபிடித்தது; ஃபிரீபிஎஸ்டியில் ‘கேகியூ’ 2000-லும், லினக்ஸ் கெர்னலில் ‘எபோல்’ 2002-லும் வந்தன. இருநூறு இணைப்புகளுக்குப் போல் அழைப்பே போதும். எபோலைத் தேர்ந்ததற்கு வேகத்தை விட வசதிதான் காரணம்: ஒவ்வொரு சாக்கெட்டைப் பதியும்போதும் அதற்குரிய ஸ்ட்ரக்டின் சுட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், நிகழ்வு வரும்போது அந்தச் சுட்டி கையில் வந்துவிடும், தேட வேண்டியதில்லை.

மூன்று அழைப்புகளே தேவை. ‘எபோல்_கிரியேட்1’ ஒரு எபோல் டிஸ்கிரிப்டரை உருவாக்கும். ‘எபோல்_சிடிஎல்’ அதில் சாக்கெட்டுகளைச் சேர்க்கவும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதை மாற்றவும், நீக்கவும் உதவும். ‘எபோல்_வெயிட்’ நிகழ்வு வரும்வரையோ நாம் கொடுத்த மில்லிவினாடிகள் முடியும்வரையோ காத்திருந்து, வந்த நிகழ்வுகளை ஓர் அணியில் நிரப்பிக் கொடுக்கும். முதன்மைச் சுழல் இந்த மூன்றாவது அழைப்பைச் சுற்றி எழுதப்படும் இருபது வரிகள்தாம்.

எபோல் இரண்டு முறைகளில் தகவல் சொல்லும். குளத்தில் மடைமட்டத்துக்கு மேல் தண்ணீர் இருக்கும்வரை, கேட்கும்போதெல்லாம் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வது லெவல் டிரிகர். புதிதாகத் தண்ணீர் வந்து சேரும் கணத்தில் மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது எட்ஜ் டிரிகர். நாமாகக் கேட்காவிட்டால் கிடைப்பது முதல் முறை. இரண்டாவது முறையில் நிகழ்வு வந்ததும் ஈஅகெய்ன் வரும்வரை படித்தே தீர வேண்டும். பாதியில் விட்டால் மீதி பஃபரில் தேங்கிக் கிடக்க, எதிர்முனை மேலும் அனுப்பாத நிலையில், புதிய நிகழ்வு வராமலே அந்தப் பரிமாற்றம் உறைந்துவிடும். முதல் நிரலை எழுதுபவர்கள் லெவல் டிரிகரிலேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இருநூறு சாக்கெட்டுகளில் எட்ஜ் டிரிகர் மிச்சப்படுத்தும் நேரத்தை அளந்து பார்த்தேன், சொல்லும்படி ஒன்றும் இல்லை.

ஈஅகெய்ன் வரும்வரை படிப்பதில் வேறொரு தீங்கும் உண்டு. வள்ளியூரில் வேகமான இணைப்புள்ள ஒரு காற்றாலை பெரிய கோப்பை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தால், நாம் படிக்கப் படிக்க அது நிரம்பிக்கொண்டே இருக்கும். தலைமடைக்காரர் முழுத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டால் கடைமடை காய்வது போல, மெதுவான காற்றாலைகள் வாய்ப்பின்றி நிற்கும். ஒரு நிகழ்வுக்கு இத்தனை பைட்டுகள்தான் என்று வரம்பு வைத்து, நான் 64 கிலோபைட் என்று வைத்தேன், அதைப் படித்ததும் சுழலுக்குத் திரும்பிவிட வேண்டும். லெவல் டிரிகரில் மீதியை அடுத்த சுற்றில் எபோலே நினைவூட்டும்.

எழுதத் தயார் என்ற நிகழ்வைத் தேவைப்படும்போது மட்டும் கேட்க வேண்டும். பெரும்பாலான நேரம் எந்தச் சாக்கெட்டும் எழுதத் தயாராகவே இருக்கும் என்பதால், அதை எப்போதும் கேட்டு வைத்தால் எபோல்_வெயிட் ஒரு கணமும் காத்திருக்காமல் திரும்பிக்கொண்டே இருக்கும், கணினிச் செயலியின் ஒரு மையம் முழுவதும் வீணாகச் சுழலும். வேண்டுகோள் முழுவதும் போய்ச் சேர்ந்ததும் படிக்கத் தயார் என்ற நிகழ்வுக்கு மாற்றிவிட வேண்டும். பிழை, தொடர்பறுதல் ஆகிய இரண்டு நிகழ்வுகளும் நாம் கேட்காமலே வரும் என்பதையும் சுழலில் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

கண்டுபிடிக்க மிகக் கடினமான பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எபோல்_வெயிட் ஒரே தடவையில் பத்து நிகழ்வுகளைக் கொடுத்திருக்கிறது. மூன்றாவது நிகழ்வைக் கையாளும்போது, ஏதோ காரணத்தால் வேறொரு பரிமாற்றத்தை மூடி அதன் ஸ்ட்ரக்டை விடுவித்துவிடுகிறோம். அதே பரிமாற்றத்தின் நிகழ்வு ஏழாவது இடத்தில் இருந்தால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தின் சுட்டி கைக்கு வரும். சில நாள் ஒன்றும் ஆகாது. சில நாள் நிரல் விழும். தீர்வு எளிது: மூடும்போது அந்த ஸ்ட்ரக்டில் இறந்துவிட்டது என்று மட்டும் குறித்து ஒரு பட்டியலில் சேர்க்க வேண்டும், பத்து நிகழ்வுகளையும் முடித்த பிறகு அந்தப் பட்டியலை விடுவிக்க வேண்டும், ஒவ்வொரு நிகழ்வைத் தொடுமுன்னும் அந்தக் குறியைப் பார்க்க வேண்டும்.

நேரமும் ஒரு நிகழ்வே

என் முதல் நிரலை எட்டு மணி நேரம் நிறுத்தி வைத்தது சாக்கெட்டில் வந்த நிகழ்வன்று, எதுவுமே வராததுதான். எபோல் மட்டும் இருந்தால் அந்தப் பழவூர்க் காற்றாலை மற்றவற்றைத் தடுக்காது, ஆனால் அதன் ஸ்ட்ரக்ட் என்றைக்கும் விடுவிக்கப்படாது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கெடு நேரம் ஒன்று இருக்க வேண்டும். இணைப்புக்குப் பத்து வினாடி என்றும், இணைந்தபின் முப்பது வினாடி ஒரு பைட்டும் வராவிட்டால் தோல்வி என்றும் நான் வைத்தேன். மொத்தக் கோப்புக்கும் ஒரே கெடு வைப்பதை விட இது நியாயமானது, ஏனெனில் மெதுவாக வந்தாலும் வந்துகொண்டிருப்பதை வெட்ட வேண்டியதில்லை.

கெடுவைக் கணக்கிடச் சுவர்க் கடிகார நேரத்தைப் பயன்படுத்தக் கூடாது. நேர ஒத்திசைவுச் சேவை கடிகாரத்தைத் திடீரென்று முன்னோ பின்னோ நகர்த்தினால், எல்லாக் கெடுக்களும் ஒரே கணத்தில் முடிந்துவிடும் அல்லது முடியாமலே போகும். ‘கிளாக்_மோனோடோனிக்’ என்ற, ஒருபோதும் பின்னோக்கிச் செல்லாத கடிகாரத்தையே எடுக்க வேண்டும். சுழலின் ஒவ்வொரு சுற்றிலும் மிக அண்மையில் இருக்கும் கெடுவைக் கண்டறிந்து, இப்போதிலிருந்து அதுவரை உள்ள மில்லிவினாடிகளை எபோல்_வெயிட்டுக்குக் கொடுக்க வேண்டும். பின்னத்தைக் கீழ்நோக்கி முழுமையாக்கினால், கெடுவுக்கு அரை மில்லிவினாடி இருக்கும்போது சுழியத்தைக் கொடுத்து வெற்றாகச் சுழல்வோம் என்பதால் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும். அண்மைக் கெடுவைத் தேட ஹீப் போன்ற தரவமைப்பு வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். இருநூறு பதிவுகளை முழுவதும் பார்ப்பது நொடியில் மிகச் சிறு பகுதியே ஆகும். ஆயிரக்கணக்கில் போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

தோற்ற பரிமாற்றத்தை உடனே மறுமுயற்சி செய்யக் கூடாது. துணைமின் நிலையத்தில் ஒரு கோளாறு ஏற்பட்டால் அதைச் சார்ந்த நாற்பது காற்றாலைகள் ஒன்றாக மறைந்து ஒன்றாகத் திரும்பும். அத்தனையையும் ஒரே வினாடியில் போய்த் தட்டினால், இப்போதுதான் எழுந்த தொடர்புக் கருவி மறுபடி திணறும். முதல் தோல்விக்குப் பின் ஐந்து வினாடி, பிறகு பத்து, பிறகு இருபது என்று இடைவெளியை இரட்டிப்பதோடு, ஒவ்வொன்றிலும் சிறிது தற்செயல் எண்ணைக் கூட்டிச் சிதற விட வேண்டும்.

ஒளிந்திருக்கும் காத்திருப்புகள்

சாக்கெட்டை மாற்றிய பின்னும் நிரல் வேறு வழிகளில் காத்திருக்கும். பெயரை ஐபி முகவரியாக மாற்றும் ‘கெட்அட்ரின்ஃபோ’ காத்திருக்கும் அழைப்பு; பெயர்ச் சேவையகம் பதில் தராவிட்டால் பல வினாடிகள் முழுச் சுழலும் நின்றுவிடும். என் காற்றாலைகளுக்கு நிலையான முகவரிகள் இருந்ததால் நான் தப்பினேன். பெயர்களே இருப்பவர்கள் அதைத் தனி இழையில் செய்யலாம், அல்லது காத்திருக்காமல் பெயர்களைத் தேடும் ‘சி-ஏரெஸ்’ நூலகத்தைப் பயன்படுத்தலாம். வட்டில் எழுதுவதும் காத்திருப்பதுதான். சாதாரணக் கோப்புகளை எபோல் ஏற்றுக்கொள்வதே இல்லை, சேர்க்க முயன்றால் ‘ஈபெர்ம்’ என்ற பிழையைத் தரும். சிறு கோப்புகளுக்கு இது பெரிய தொல்லையன்று. கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுவதும் வந்த பிறகே ‘ரீநேம்’ மூலம் உண்மைப் பெயருக்கு மாற்றினால் போதும், பாதிக் கோப்பை யாரும் முழுக் கோப்பென்று நம்பிப் படிக்க மாட்டார்கள்.

லிப்கர்லை இந்தச் சுழலில் பொருத்துவது

அடுத்த ஆண்டே புதிய காற்றாலைகள் எச்டிடிபிஎஸ் கேட்கத் தொடங்கின. அதன் மறைகுறியாக்கத்தைத் தொடங்கி வைக்கும் டிஎல்எஸ் கைகுலுக்கலைக் கையால் எழுதுவது விவேகமன்று. சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க் தொடங்கி வளர்த்த, இணையவழிக் கோப்புகளைப் பரிமாறும் கர்ல் திட்டத்தின் லிப்கர்ல் நூலகம், 2006-இல் இருந்தே நம் சுழலுக்குள் பொருந்தும் வசதியைத் தருகிறது. அது தானாகக் காத்திருக்காது. எந்தச் சாக்கெட்டைக் கவனிக்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் மறுபடி அழைக்க வேண்டும் என்ற இரண்டையும் நம்மிடம் சொல்லும், காத்திருப்பது நாம். முன்பு சொன்ன விதி இங்கும் குலையவில்லை.

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஈஸி கைப்பிடியும், அனைத்தையும் சேர்க்க ஒரே ஒரு மல்டி கைப்பிடியும் வேண்டும். மல்டி கைப்பிடியில் இரண்டு கால்பேக்குகளை, அதாவது தேவைப்படும்போது லிப்கர்ல் அழைக்கும் நம் செயல்கூறுகளை, பதிய வேண்டும். சாக்கெட் கால்பேக், இந்தச் சாக்கெட்டைப் படிக்கக் கவனி, எழுதக் கவனி, இரண்டுக்கும் கவனி, கவனிப்பதை நிறுத்து என்று நான்கில் ஒன்றைச் சொல்லும். அதை எபோல்_சிடிஎல் அழைப்பாக மாற்ற வேண்டும். ஏற்கெனவே சேர்த்த சாக்கெட்டா புதியதா என்று அறிய, முதல் முறை வரும்போது ‘கர்ல்_மல்டி_அசைன்’ மூலம் நம் சுட்டி ஒன்றை அந்தச் சாக்கெட்டோடு இணைத்துவிட்டால், அடுத்த முறை அது கால்பேக்கின் கடைசி மதிப்பாக வரும். வெறுமையாக வந்தால் புதியது.

டைமர் கால்பேக் மில்லிவினாடிகளைச் சொல்லும். கழித்தல் ஒன்று என்றால் டைமரை நீக்க வேண்டும், சுழியம் என்றால் இயன்றவரை உடனே அழைக்க வேண்டும். ஆனால் அந்தக் கால்பேக்குக்குள்ளேயே ‘கர்ல்_மல்டி_சாக்கெட்_ஆக்‌ஷன்’ அழைப்பைச் செய்யக் கூடாது. நேரத்தைக் கெடுவாகக் குறித்துவிட்டுத் திரும்பி, சுழலுக்கு வந்த பின்பே அழைக்க வேண்டும். கெடு வந்ததும் முதலில் குறித்து வைத்த கெடுவை அழித்துவிட்டு, பிறகு ‘கர்ல்_சாக்கெட்_டைம்அவுட்’ என்ற மதிப்போடு அந்த அழைப்பைச் செய்ய வேண்டும். வரிசையை மாற்றி, அழைத்த பிறகு அழித்தால், அந்த அழைப்பு நடக்கும்போதே லிப்கர்ல் வைத்த புதிய கெடுவும் சேர்ந்து அழிந்துவிடும், பரிமாற்றங்கள் காரணம் தெரியாமல் நின்றுவிடும். பரிமாற்றம் தொடங்குவதே இந்த டைமர் வழியாகத்தான் என்பதால், டைமர் கால்பேக்கைச் சரியாக எழுதாதவர்களுக்கு ஒரு சாக்கெட்டும் திறக்கவே திறக்காது.

எபோல் நிகழ்வு வரும்போதும் இதே அழைப்பைத்தான், சாக்கெட் எண்ணோடும் என்ன நிகழ்ந்தது என்ற குறியோடும் செய்ய வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும் ‘கர்ல்_மல்டி_இன்ஃபோ_ரீட்’ அழைப்பை, வெறுமை வரும்வரை செய்து, முடிந்தவற்றைப் பெற வேண்டும். அது தரும் செய்தியிலுள்ள முடிவு எண்ணையும் ஈஸி கைப்பிடியையும் முதலில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். கைப்பிடியை மல்டியிலிருந்து நீக்கிய பின் அந்தச் செய்தியின் சுட்டி செல்லாது. முடிவு எண் வெற்றி என்றாலும் எச்டிடிபி மறுமொழி எண்ணைத் தனியே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் 404 பக்கமே பதிவுக் கோப்பாகச் சேமிக்கப்பட்டுவிடும். எந்தக் காற்றாலை என்று அறியத் தொடக்கத்திலேயே ‘கர்ல்ஆப்ட்_பிரைவேட்’ மூலம் நம் ஸ்ட்ரக்டின் சுட்டியைக் கைப்பிடியில் வைத்திருந்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே நேரத்தில் திறக்கும் இணைப்புகளுக்கு மல்டியில் வரம்பு வைக்கலாம். நாற்பது என்று வைத்து இருநூறையும் சேர்த்துவிட்டால் மற்றவை தாமாக வரிசையில் நிற்கும். வினாடிக்கு இத்தனை பைட்டுக்குக் கீழே இத்தனை வினாடி போனால் தோல்வி என்று சொல்லும் இரு அமைப்புகள், நான் கையால் எழுதிய முப்பது வினாடிக் கெடுவின் வேலையைச் செய்துவிடுகின்றன. முடிக்கும்போது கைப்பிடியை மல்டியிலிருந்து நீக்குவது, ஈஸியை விடுவிப்பது, கடைசியில் மல்டியை விடுவிப்பது என்பதே வரிசை.

சோதிப்பது

நல்ல இணைப்பில் ஓடியதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. இணைப்பை ஏற்றுக்கொண்டு ஒரு சொல்லும் பேசாத சேவையகம், வினாடிக்கு ஒரு பைட் மட்டும் அனுப்பும் சேவையகம், பாதியில் மூடிவிடும் சேவையகம் ஆகிய மூன்றையும் சிறு நிரல்களாக எழுதி வைத்து, இருநூறில் முப்பது முகவரிகளை அவற்றுக்குத் திருப்பி ஓட்ட வேண்டும். லினக்ஸின் ‘டிசி’ கட்டளையில் உள்ள ‘நெட்எம்’ மூலம் தாமதத்தையும் இழப்பையும் செயற்கையாக உண்டாக்கலாம். நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் ‘வால்கிரைண்ட்’ கருவியின் கீழே ஓட்டினால் விடுவித்த ஸ்ட்ரக்டைத் தொடும் பிழை அன்றைக்கே பிடிபடும். ஒரு செயலாக்கம் திறக்கக்கூடிய டிஸ்கிரிப்டர்களின் வரம்பு பல கணினிகளில் 1024 என்றே இருக்கும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்த பின் நான் செய்யும் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது நிரல் செய்யும் கெர்னல் அழைப்புகளைக் காட்டும் ‘எஸ்டிரேஸ்’ கட்டளையை அதோடு இணைத்து, கோப்புகள் எல்லாம் இறங்கி அடுத்த பத்து நிமிடச் சுற்றுக்குக் காத்திருக்கும் வேளையிலும், அந்த மூன்று கெட்ட சேவையகங்களோடு போராடும் வேளையிலும் திரை எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். எபோல்_வெயிட் என்ற ஒரு வரியில் மட்டும் நின்றால் நிரல் சரி. ரெசீவ், கனெக்ட், அல்லது பூட்டுக்காகக் காத்திருப்பதைக் காட்டும் ‘ஃபியூடெக்ஸ்’ என்ற வரியில் ஒரு வினாடியாவது நின்றால், அந்த அழைப்பைச் செய்த செயல்கூற்றைத் தேடிப் பிடித்துத் திருத்திவிட்டு, சோதனையை முதலிலிருந்து தொடங்குவேன்.